ஒரு ஓடுகூட உடையவில்லை

புதுத்தோப்புக்கு முன்னால் அரபிக்கடல், பின்னால் விமான நிலையத்து மதில். நடுவில் ஏழு வரிசை வீடுகள் இருந்தன. ஐந்தைக் கடல் தின்றுவிட்டது. ஆறாவது வரிசையில் மெற்றில்டாவின் வீடு. அவள் வாசலைப் பார்த்தபடி, மூன்றடிச் சந்துக்கு அந்தப் பக்கம், ஏழாவது வரிசையில் ஜெசிந்தாவின் வீடு.

அன்று விடியும்போது மெற்றில்டாவின் அடுக்களைச் சுவர் அலையோடு போய்விட்டது. வேறொருத்தியாக இருந்தால் தெருவையே கூட்டியிருப்பாள். மெற்றில்டா சத்தமே போடவில்லை. மகள் அன்சிலாவைக் கல்லூரிக்கு அனுப்பினாள், கதவைப் பூட்டினாள், வில்லேஜ் ஆபீசுக்கு ஓடினாள்.

காரணம் இருந்தது. அரசாங்கம் கட்டிக்கொடுக்கும் அடுக்குமாடியில் ஒரே ஒரு வீடுதான் மிச்சம். பட்டியலை அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடப்போகிறார்கள். சுவரில் விரிசல் விட்டிருந்தாலே போதும், ஆனால் வீடு நிற்கவேண்டும். நம்பர் தகடு தெரிய, வாசலில் சொந்தக்காரி நிற்க, அதிகாரி வந்து படம் எடுக்கவேண்டும். ஆபீசைப் பெருக்கும் சித்தி மகள் முந்தாநாள் காதோடு காதாகச் சொன்னது இது. மெற்றில்டா நேற்றே போனாள், அதிகாரி லீவு. ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஜெசிந்தாவிடமும் சொல்லவில்லை. இருபது வருஷமாக மீன்குழம்பு இந்த அடுப்பிலிருந்து அந்த வீட்டுக்கும், மரவள்ளிக்கிழங்கு அங்கிருந்து இங்கேயும் போய்வந்த உறவு. ஆனால் ஜெசிந்தாவின் சுவரிலும் விரிசல் இருந்தது. இருப்பதோ ஒரு வீடு.

அது கிடைக்காவிட்டால் சிமெண்ட் குடோன்தான். முதல் வரிசைக்காரர்கள் நாலு வருஷமாக அங்கே கிடக்கிறார்கள். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டி, நாற்பது பேருக்கு ஒரு கக்கூஸ். மெற்றில்டாவின் தங்கை அங்கே மகளைக் குளிக்கவைக்கப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிடித்துப் பிடித்து அவளுக்குத் தோளே இறங்கிப்போயிருந்தது. வயசு வந்த பெண்ணை அங்கே கூட்டிப்போவதைவிட அவளையும் இழுத்துக்கொண்டு கடலிலேயே இறங்கிவிடலாம் என்று மெற்றில்டாவுக்குத் தோன்றியது. சும்மா தோன்றவில்லை, நிஜமாகவே தோன்றியது.

ஆபீசில் காலையிலிருந்து நின்றாள். நாலு மணிக்குத்தான் அந்த இளவட்ட அதிகாரி மனமிரங்கி ஸ்கூட்டரை எடுத்தார். அவள் பின்னால் உட்கார்ந்து எல்லாப் புனிதர்களையும் துணைக்குக் கூப்பிட்டபடி வந்தாள்.

சந்து திரும்பியதும் அவர் வண்டியை நிறுத்தினார்.

"வீடு எங்க சேச்சி?"

வீடு இருந்த இடத்தில் கடல் தெரிந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். ஒரு வீட்டுக்கு அலை ஏறிவிட்டால் மாதா கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோவில்குட்டி மணியடிப்பார். எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடவேண்டும். ஓடு, கதவு, ஜன்னல், கட்டில் எல்லாவற்றையும் கடல் எடுப்பதற்கு முன்னால் நாம் கழற்றிவிடவேண்டும். கூப்பிடவும் வேண்டாம், கூலியும் கிடையாது. அன்று மத்தியானம் மெற்றில்டா வீட்டுக்கு மணி அடித்தது. ஊரே வந்து பூட்டை உடைத்தது. கூரை போன வெறும் சுவர்கள் அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை.

ஜெசிந்தாவின் புருஷன் பங்கிராஸ் தொப்பலாக நனைந்து, ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவனைப்போல எதிரே வந்தான்.

"எங்க போய்த் தொலஞ்ச மெற்றில்டா? உன்னத் தேடாத எடமில்ல. எல்லாம் கோவில் வராந்தாவுல பத்திரமா இருக்கு. ஒரு ஓடுகூட உடையல." மடியிலிருந்து எதையோ எடுத்தான். "இதக்கூட விடல பாத்தியா."

நம்பர் தகடு.

மெற்றில்டா அதைப் பிடுங்கி அவன் மார்பிலேயே அடித்தாள். "யாருய்யா உன்னக் கழட்டச் சொன்னது? நாசமாக்கிட்டியே. என் பொண்ணக் குடோன்ல தள்ளிட்டியே."

"கை கிழிஞ்சு கெடக்குது எனக்கு. என்னடி பேசுற நீ?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவரும் ஓட்டில் கைவைத்திருக்க மாட்டார்கள். அது மெற்றில்டாவுக்குப் புரிந்தது.

அதிகாரி மணி பார்த்தார். "நாலரை ஆச்சு. வீடில்லாத எடத்த நான் எப்படிப் படம் எடுக்கிறது?" ஸ்கூட்டரைத் திருப்பினார்.

மெற்றில்டா எதிர்ச் சுவருக்குப் போனாள். ஜெசிந்தாவின் தகட்டுக்கு மேல் தன் தகட்டை மாட்டினாள். ஒரே ஆணியில் நிற்காமல் அது இரண்டு முறை கீழே விழுந்தது.

வாசலில் நின்ற ஜெசிந்தா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன செய்யுற?"

மெற்றில்டா சொன்னாள். பட்டியலை, படத்தை, ஐந்து மணியை, ஒரே வீட்டை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முந்தாநாள்."

மூன்றாவது முறை விழுந்த தகட்டை ஜெசிந்தாவே எடுத்து ஆணியில் மாட்டினாள். கொடியில் கிடந்த புருஷனின் லுங்கியை உருவிக்கொண்டு, படத்தில் விழாமல் ஓரமாகப் போய் நின்றாள். பங்கிராஸ் வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அதிகாரி வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். சுவரைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார், பிறகு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். அவரும் கடற்கரைப் பையன்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

"முகத்தத் தூக்குங்க சேச்சி. தெரியணும்."

மெற்றில்டாவால் தூக்க முடியவில்லை. அவர் மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தர் சாட்சி சொல்லணும்" என்றார். ஜெசிந்தாவிடம் திரும்பினார். "இது இவங்க வீடுதானா?"

"அவ வீடுதான் சார்."

"உங்க வீடு?"

ஜெசிந்தா லுங்கியை மடித்தபடியே, அலை புரளும் வெற்றிடத்தைக் கைகாட்டினாள். "அந்தா, அங்க இருந்துச்சு. மத்தியானம் போயிடுச்சு."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "அப்ப நீங்க ஏன் மனு குடுக்கல?"

"எனக்கு யாரும் சொல்லல சார்."