பெட்டி தொலைந்த இதழ்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு வேலையைத் தள்ளிப்போடுவதற்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன்.

என் மேசைமேல் ஓர் உறை இருக்கிறது. ஐந்து மணிக்கு அச்சகத்து ஆள் வந்து வாங்கிப்போவார். உள்ளே எங்கள் சித்திரக்கதையின் நூறாவது இதழ். மூன்றாம் பக்கம் மட்டும் இரண்டு விதமாக வரையப்பட்டிருக்கிறது. எது போக வேண்டும் என்று நான் முடிவு செய்ய வேண்டும். நான் பிழை திருத்துகிறவன். ஒற்று வருமா வராதா என்பதைத் தவிர வேறு எதையும் முடிவு செய்து பழக்கமில்லை.

2

இந்தக் கதையின் முதல் வாக்கியம் முன்பு இப்படி இருந்தது: ‘ஜன்னலோரம் உட்கார்ந்து ஓவியர் அழுதுகொண்டிருந்தாள்.’

பக்கத்து மேசையிலிருந்து ஓவியர் எட்டிப் பார்த்தாள்.

“யாரு அழறது?”

“நீதான்.”

“நான் எப்பண்ணா அழுதேன்? டீ குடிச்சிட்டிருக்கேன்.”

அவளுடைய இனத்தார் மூன்று தலைமுறைக்கு முன் துறைமுக வேலைக்குக் கப்பலில் வந்தவர்கள். இந்த நகரத்தில் நூறு பேருக்கு நான்கு பேர். கதைகளில் அவர்கள் வந்தால் அழுவார்கள். அழாவிட்டால் எதையாவது தூக்குவார்கள். என் கையும் தானாக அப்படியே எழுதிவிட்டது.

அடித்துவிட்டேன். அவள் டீ குடிக்கிறாள்.

3

எங்கள் கதையின் நாயகர் ஒரு துப்பறிவாளர். அவருக்குப் பின்னால் இரும்புப்பெட்டி சுமந்து வருகிறவர் பெட்டியண்ணன், துறைமுகத்து மக்களில் ஒருவர். தொண்ணூற்றொன்பது இதழ்களில் ஒன்றில்கூட அவர் முகம் தெரிந்ததில்லை. பெட்டி எப்போதும் மறைத்துக்கொண்டிருக்கும். வெயில் காலத்திலும் கையுறை போட்டிருப்பார். முதல் ஓவியரிடம் தோலுக்கு ஒரே ஒரு வண்ணம்தான் இருந்தது, அது துப்பறிவாளருக்குச் செலவாகிவிட்டது.*

ஒருமுறை துப்பறிவாளரின் கைக்கடிகாரம் இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறிப்போனது. நாற்பது கடிதங்கள் வந்தன. பெட்டியண்ணன் முகத்தைக் கேட்டு ஒன்றும் வந்ததில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் இவள் ஓவியராகச் சேர்ந்தாள். இவளும் இருபத்துமூன்று இதழ்களுக்குப் பெட்டியைத்தான் வரைந்தாள். (இதை எழுத வேண்டாமே என்று கேட்டேன். “எழுதுங்க, நடந்ததுதானே” என்றாள்.)

* நாற்பத்தோராம் இதழில் பெட்டிமேல் எழுதியிருந்த பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. நான்தான் கண்டுபிடித்துப் போட்டேன். அதாவது, பெட்டியை அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறேன்.

4

நூறாவது இதழுக்கு ஆசிரியரே கதை எழுதினார். பெட்டி திருடு போகிறது. அதுதான் மர்மம். ‘பெட்டி எங்கே?’ என்று பெரிய எழுத்தில் அட்டையும் அச்சாகி வந்துவிட்டது. அதன் பிறகுதான் ஓவியர் மூன்றாம் பக்கத்துக்கு வந்தாள்.

“சார், இதுல பெட்டியத் திருடிட்டுப் போயிடறாங்க.”

“ஆமா. அப்பதானே கண்டுபிடிக்க முடியும்.”

“அப்ப பெட்டியண்ணன் மூஞ்சி தெரியுமே.”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “அவனுக்கு ஏதும்மா மூஞ்சி?”

ஆசிரியர் தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“சரி, வரைஞ்சு கொண்டா, பாப்போம்.”

5

அன்று சாயங்காலம் ஓவியர் வீட்டுக் கூடத்தில் நாற்காலியைப் போட்டு விளக்கைத் திருப்பி வைத்தாள். கணவர் தலைவாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வரைவது முகத்தை மட்டும்தான் என்று சொல்லியும் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் வீங்கியது.

வேலை முடிந்து நாத்தனார் வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள்.

“எழுந்திரிண்ணா. அண்ணி, என் மூஞ்சியப் போடு. மீசை மட்டும் நீ சேத்துக்கோ.”

“ஆம்பளைக்கு உன் மூஞ்சியா?” என்றாள் ஓவியர்.

“நம்மாளுங்க எல்லாரும் ஒரே மாதிரி இருக்கோம்னு பஸ்ல தினம் சொல்றாங்க. அப்புறம் யாரப் போட்டா என்ன?”

“அப்ப என்னையே போடட்டுமே” என்றார் கணவர்.

“உன்னப் போட்டா பெட்டியத் திருடினதே நீதான்னு நெனப்பாங்க.”

சிரித்து முடிக்க நேரமானது. பிறகு நாத்தனார் உட்கார்ந்தாள். அசையாமல் இருக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. சிக்னலில் நின்று பழகியவள்.

6

ஆசிரியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ ஒரு ஆளு மாதிரி இருக்கே.”

“ஆளுதானே சார்.”

“அதில்லம்மா. கொஞ்சம் பொதுவா போடு. அவங்கள மாதிரியும் இருக்கணும், யாராவும் இருக்கக் கூடாது.”

“துப்பறிவாளர் மூக்கு உங்க மாமனார் மூக்குன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க.”

ஆசிரியர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனாலும் தொப்பியைக் கண்வரை இறக்கி, முகத்தில் நிழல் விழுகிற மாதிரி இன்னொன்றும் கேட்டார். அவள் வரைந்து கொடுத்தாள். இரண்டையும் உறையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

“எது சரின்னு படுதோ அத அனுப்பிடு.” பல் டாக்டரிடம் கிளம்பிவிட்டார். காலையில் வடையை நன்றாகவே மென்றுகொண்டிருந்த பல்—

(இந்த வாக்கியம் வேண்டாம். பல் வலித்திருக்கலாம்.)

அவர் போனதும் ஓவியர் பென்சில் சீவிக்கொண்டே சொன்னாள். “தொப்பிப் படத்த அனுப்பினா நூத்தியொண்ணாவது இதழுக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க.” குரல் ஏறவே இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

7

முடிவு அ: தொப்பிப் படம் போகிறது. யாரும் கடிதம் எழுதுவதில்லை. பக்கத்து மேசை காலி.

முடிவு ஆ: ஆசிரியர் மனம் மாறி ஓடி வருகிறார். பல் பிடுங்கி மனம் மாறியவரை நான் பார்த்ததில்லை.

முடிவு இ: உறை உங்கள் கையில். வாசகரே, நீங்களே ஒரு பக்கத்தை—

“இது வேண்டாண்ணா” என்றாள் ஓவியர். எப்போது வந்து பின்னால் நின்றாளோ தெரியவில்லை. “அவங்ககிட்ட விட்டா தொப்பியத்தான் எடுப்பாங்க.”

“அவ்வளவு மோசமானவங்களா?”

“மோசம்னு யாரு சொன்னா? பழகிப்போச்சு. உங்களுக்கும்தான். இவ்ளோ எழுதியிருக்கீங்க, அந்த மூஞ்சி எப்படியிருக்குன்னு ஒரு வரி இருக்கா? நீங்களும் பெட்டிய வச்சு மறைக்கிறீங்க.”

மணி நாலே முக்கால்.

8

நாத்தனாருக்குக் கறுத்த, அழகிய— இல்லை.

அலைகளைப் போன்ற— இல்லவே இல்லை.

படத்தை எடுத்துப் பார்த்தேன். ஒட்ட வெட்டிய சுருள்முடி. அகலமான மூக்கு, அது தொடங்கும் இடத்தில் விரல் வைக்கும் அளவு பள்ளம். பேருந்தின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து உயர்ந்துவிட்ட ஒரு புருவம். ஜன்னல் பக்கத்துக் கன்னம் மட்டும் வெயிலில் இன்னும் கறுத்திருக்கிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் வாய். ஒட்டாத மீசை. தொலைந்த பெட்டியைத் தேடுகிற ஒருவரின் முகம். அதைக் கண்டுபிடிக்கப் போவது துப்பறிவாளர் அல்ல, இவர்தான் என்று தோன்றியது.

அந்தப் பக்கத்தை உறையில் வைத்து ஒட்டினேன். அச்சகத்து ஆள் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆசிரியருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். தொப்பிப் படத்தின்மேல் ஓவியர் டீ டம்ளரை வைத்திருக்கிறாள்.

9

முகத்தை உங்களிடம் விடவில்லை. மன்னிக்கவும். மீதியை விடுகிறேன்.

சனிக்கிழமை இதழ் கடைக்கு வரும். திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பதினேழாம் எண் பேருந்தில் ஏறுங்கள். முன்வாசலில். ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பாள். மீசை இருக்காது. எங்கோ பார்த்த முகமாயிற்றே என்று உங்களுக்குத் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம்.

தோன்றினால் என்ன சொல்வதென்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். படியில் நின்று யோசிக்காதீர்கள். அவளுக்குப் பிடிக்காது.