சகலையின் பைப்

என் சகலையைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். மனைவியின் அக்கா புருஷன். ஞாயிறு தவறாமல் வந்து, எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே சாய்வு நாற்காலியைப் பிடித்துக்கொள்வான். தாடை வரை வளைந்து தொங்கும் புகையிலைப் பைப்பைக் கடித்துக்கொண்டு எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பான்.

"அத்தான் வாயில அந்தப் பைப் என்ன எடுப்பா இருக்கு!" என்பாள் என் மனைவி. அவன் போட்டிருக்கும் பச்சைக் கட்டம் போட்ட கோட்டு நான் தைத்தது. அதைப் பற்றி மூச்சே விடமாட்டாள்.

ஒரு நாளாவது அவள் என்னை அப்படிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

"பைப் வாங்கப் போறேன்" என்றேன்.

"அப்பாடா! சமையலறைக் குழாய் எத்தனை நாளா ஒழுகுது!"

செருப்பை மாட்டிக்கொண்டு புகையிலைக் கடைக்குக் கிளம்பினேன்.

புகையிலைக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு வட்ட முகம் சார், கழுத்தும் குட்டை. நேரா, நீளமா இருக்கறதை எடுங்க. முகம் கொஞ்சம் நீண்டு தெரியும்."

சட்டைக்குக் காலர் வைக்கும்போது நானும் ஊராருக்கு இதைத்தான் சொல்கிறேன். ஆனால் எனக்கு வேண்டியது பொருத்தம் இல்லையே.

"என் சகலை வச்சிருக்கிற மாதிரி வளைஞ்சதுதான் வேணும். இங்கதான் வாங்கினாராம்."

வாயில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். சமையலறைக் குழாயைக் கழற்றி என் முகத்தில் மாட்டியதுபோல் இருந்தது.

"சகலைன்னா, பச்சைக் கட்டம் போட்ட கோட்டுக்காரரா?" கடைக்காரர் சிரித்தார். "அவருக்குப் பல்செட்டு சார். நேர் பைப் கனத்துல பல்லையும் சேர்த்து வெளிய இழுக்குதுன்னுதானே வளைஞ்சதுக்கு மாறினார்!"

அந்தச் சிரிப்பு முழுக்கப் பல்செட்டா! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நேர் பைப் ஒன்றை வாங்கி என் சொந்தப் பல்லால் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

மனைவி குழாயடியில் வாளியை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"உங்க அத்தான் சிரிக்கிறாரே, அது ஒண்ணுகூட சொந்தப் பல்லு இல்லையாம்! தெரியுமா?"

வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"ஐயோ, மெதுவாப் பேசுங்க! அக்காவுக்கே தெரியாது. எங்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கார்."

என் வாயிலிருந்த நேர் பைப்பை அவள் பார்க்கவே இல்லை. அதைப் பற்றவைக்க எனக்கும் தோன்றவில்லை. வயிறுதான் பற்றி எரிந்தது.