தாய்மாமன் கார்

மனைவியின் தம்பி ஒன்றைக் கேட்டுவிட்டால் முடியாது என்று சொல்ல ஒரு வாய் போதாது. அவனுக்குச் சொல்ல ஒன்று, அவன் அக்காவுக்குச் சொல்ல ஒன்று, அவன் சித்திக்குச் சொல்ல ஒன்று என்று மூன்று வாயாவது வேண்டும். சிவநேசனுக்கு இருந்ததோ ஒரே வாய். அதுவும் பாதி நேரம் பட்டறையில் ஸ்பேனரைக் கவ்விக்கொண்டிருக்கும்.

மகள் நித்தியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீடு உலு யாமில் இருக்கிறது, தாலி கட்டுவதும் அங்கேயுள்ள கோயிலில்தான். புக்கிட் பெலிம்பிங் வீட்டிலிருந்து பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போகிற உரிமை தாய்மாமன் அகிலனுக்கு. அதில் யாரும் குறுக்கே நிற்க முடியாது, சிவநேசனும் நிற்கவில்லை. ஆனால் எதில் அழைத்துப் போகிறானாம்? போன வருடம் எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கிவந்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரில். இருப்பதே இரண்டு சீட்டு. சாதாரண மனிதனே குனிந்து மடங்கித்தான் உள்ளே போக வேண்டும். பட்டுச் சேலையும் பூ ஜடையுமாகப் பெண் அதற்குள் எப்படி நுழைவாள் என்று கேட்டால், "அதெல்லாம் உக்காந்துருவா மச்சான்" என்று ஒரே பதில்.

அதுகூடப் போகட்டும். கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது, அசாம் ஜாவாவில் சிவநேசன் நடத்தும் பட்டறை வாசலில் அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். நாலு அலுமினிய வட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன்.

"என்னடா இது?"

"ஸ்பேசர் மச்சான். டயரு உள்ள போய் ஒளிஞ்சிக்கிட்டு இருக்கு பாருங்க. இத வெச்சா மட்கார்டு வரைக்கும் வெளிய வந்து நிக்கும். கல்யாண போட்டோல சும்மா கும்முனு இருக்கும் லா."

சிவநேசன் ஒரு வட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சக்கரத்துக்கும் அது போய் உட்காரும் ஹப்புக்கும் நடுவில் இதைச் செருகினால் சக்கரம் அவ்வளவு தூரம் வெளியே தள்ளி நிற்கும், சரி. ஆனால் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்டட் அதே பழைய நீளம்தானே? ஸ்பேசர் பாதியைத் தின்றுவிட்டால் மிச்சம் நுனிதான் இருக்கும்.

"நட்டு நுனியில ரெண்டு மூணு சுத்துதான்டா புடிக்கும். அதுல என் புள்ளைய உக்கார வெச்சு ஓட்டப் போறியா?"

"கூட்டாளிங்க எல்லாம் அப்படித்தான் போட்டு ஓட்டுறானுங்க."

"அப்ப அவனுங்க மகளுங்கள ஏத்திக்கிட்டுப் போ."

அகிலன் நேராக அக்காவிடம் போனான் என்பது அன்று மத்தியானச் சாப்பாட்டிலேயே தெரிந்தது. மனைவி விமலா ரசத்தை ஊற்றினாள், பேசவில்லை. அப்பளத்தை வைத்தாள், பேசவில்லை. கடைசியில் மோரை வைத்துவிட்டு, "எனக்கு இருக்கிறது ஒரே தம்பி" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் அந்த வீட்டில் எந்த ஆணும் எதிர்த்துப் பேசிப் பிழைத்ததில்லை.

"நீட்டு ஸ்டட்டு போட்டுத்தான் மாட்டுவேன். இல்லாட்டி முடியாது" என்றார் சிவநேசன். அவரால் காப்பாற்ற முடிந்த மானம் அதுதான்.

அகிலன் நீளமான ஸ்டட்டுகளைத் தேடி வாங்கிவந்தான். வியாழக்கிழமை முழுக்க சிவநேசன் வேறு வேலை எதையும் தொடவில்லை. பிரேக்கைக் கழற்றி, துருப்பிடித்து ஒட்டிக்கிடந்த பழைய ஸ்டட்டுகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்துப் பின்பக்கம் தள்ளினார். புதியதைச் செருகி நட்டைப் போட்டு இழுத்து அதன் இடத்தில் அழுந்த உட்கார வைத்தார். இடுப்பு விண்ணென்று வலித்தது. அகிலனோ கைப்பேசியில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாத்துக்க" என்று ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துக்கொண்டே சிவநேசன் சொன்னார். "ஸ்பேசரு, ஹப்பு, ரிம்மு மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கணும். நடுவுல துளி மண்ணு இருந்தாலும் போச்சு. இன்னைக்கு முடுக்குனது நாளைக்கு லூசாயிரும்."

"ஓகே மச்சான்" என்றான் அகிலன். அதையும் படம் பிடித்துக்கொண்டான்.

ஸ்பேசர்களை மாட்டி முடித்த நேரத்தில் விமலா பித்தளைத் தட்டோடு வந்தாள். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், சூடம். காருக்குப் புதுச் சாமான் போட்டால் பூஜை போடாமல் எடுக்கக்கூடாது என்பது அவள் சட்டம். அதே சமயம் வெளியே செம்பனைக் குலை ஏற்றிவந்த ஒரு லோரிக்காரர் பிரேக் பிடிக்கவில்லை என்று கூச்சல் போட, சிவநேசன் அங்கே ஓடினார். திரும்பி வருவதற்குள் அகிலன் நாலு சக்கரத்தையும் தூக்கி மாட்டி, நட்டுகளைக் கையால் ஏற்றி வைத்திருந்தான். பானெட்டில் ஒரு சந்தனப் பொட்டு. டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பளபளவென்று இருந்த வெண்கல நிற ரிம்மில் ஒரு பொட்டைக் காணோம். பரவாயில்லையே, தம்பிக்காகச் சட்டத்தைத் தளர்த்திவிட்டாளே என்று சிவநேசனே ஆச்சரியப்பட்டார்.

டார்க் ரெஞ்சை எடுத்து ஒவ்வொரு நட்டாக முடுக்கினார். சரியான இறுக்கம் வந்ததும் அது 'டக்' என்று சத்தம் கொடுக்கும். எல்லா நட்டும் கொடுத்தது.

"கொஞ்ச தூரம் ஓட்டிட்டுக் கொண்டா. மறுபடி முடுக்கணும். மறந்துறாத."

"சரி லா மச்சான்."

வெள்ளிக்கிழமை வரவில்லை. கூட்டாளிகளுக்குக் காட்ட கோலாலம்பூர் போய்விட்டான். சனிக்கிழமை சாயங்காலம் பந்தல் வாசலில் வந்து நின்றபோது கார் முழுக்க மல்லிகைச் சரம். சிவநேசன் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனார். "பாலிஷ் போட்டாச்சு, கை வெக்காதீங்க!" என்று அகிலன் அலறினான். விமலாவின் சித்தி சின்னத்தாய், "நலங்கு நேரத்துல பொண்ணுக்கு அப்பன் ஸ்பேனரத் தூக்கிக்கிட்டு அலையறாரு பாரு" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். நாலு பேர் சிரித்தார்கள். சிவநேசன் ரெஞ்சைத் தம் பழைய பிக்கப் வண்டியின் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிறு காலை நித்தியா எப்படியோ அந்தக் காருக்குள் நுழைந்தேவிட்டாள். முன்னால் தாய்மாமன் கார். அடுத்து பிக்கப்பில் சிவநேசன், பக்கத்தில் விமலா, பின் சீட்டில் சீர்வரிசைத் தட்டுகளோடு சின்னத்தாய். அதற்குப் பின்னால் வேன்களும் கார்களும்.

ஈஜோக் தாண்டி இருபுறமும் செம்பனை நிற்கிற சாலையில்தான் அவர் அதைக் கண்டார். அகிலன் காரின் இடது பின்சக்கரம் லேசாக ஆடியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆடத்தான் செய்தது. ஹாரனில் கையை வைத்து அழுத்தினார்.

அகிலன் அதைக் கல்யாணக் குதூகலம் என்று நினைத்துக்கொண்டான். பதிலுக்கு அவனும் பாம் பாம் என்று அடித்தான். பின்னால் வந்த வேன் அடித்தது, கார்கள் அடித்தன, எதிரே வந்த செம்பனை லோரிகூட ஒரு நீளமான ஹாரன் கொடுத்துவிட்டுப் போனது. "ஐயோ, கடவுளே!" என்று கத்திக்கொண்டே சிவநேசன் பிக்கப்பை விரட்டி முந்தி, குறுக்கே மறித்தார்.

"என்ன மச்சான், முகூர்த்தம் போயிரும்!"

சிவநேசன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தருகே குந்தினார். நட்டைத் தொட்டார். விரலாலேயே திரும்பியது.

அதைப் பார்த்த அகிலனின் முகம் வெளிறியது. மறுகணமே குரல் ஏறியது. "நீங்கதானே முடுக்குனீங்க? இந்தக் காரு உங்களுக்குப் புடிக்கலன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல!"

வேனிலிருந்து இறங்கிய சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். சிவநேசனுக்குக் காது சூடானது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். ஒருவேளை நிஜமாகவே எதையாவது விட்டுவிட்டேனா? சொந்த மகள் உட்காரும் வண்டியிலா? நித்தியா கீழே இறங்கி, சேலை மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜேக்கை வைத்துத் தூக்கி, சக்கரத்தை உருவி, திருப்பிப் போட்டார். ஸ்பேசரோடு ஒட்டி நிற்கவேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு வட்டம். நடுவில் சிவப்பாகக் குங்குமம். நசுங்கி, காய்ந்து, வெடித்துப் போயிருந்தது. விரலால் தட்டினார், பொலபொலவென்று உதிர்ந்தது.

"யாரு வெச்சது?"

விமலா மெல்ல முன்னால் வந்தாள். "நான்தாங்க. முன்னால வெச்சா ரிம்மு கறையாயிரும்னான் தம்பி. யார் கண்ணுக்கும் தெரியாம பின்னால வெக்கச் சொன்னான். கொஞ்சம் தாராளமாவே வெச்சேன்."

அகிலன் தன் புதுச் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனேடா! படம் வேற புடிச்சியே! துளி மண்ணு இருக்கக்கூடாதுன்னு சொன்ன எடத்துல வந்து சந்தனத்த அப்பி வெச்சிருக்கீங்களே, அக்காவும் தம்பியும்! காஞ்சு உதுந்து போச்சு, நட்டு லூசாயிருச்சு. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா என் புள்ள..." சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

விமலாவின் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் சின்னத்தாய் சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, உதிர்ந்த சந்தனத்தைக் குனிந்து பார்த்தாள்.

"நல்லவேளை சந்தனம் வெச்சீங்க" என்றாள். "அது இருந்ததாலதான் டயரு கழண்டு ஓடாம இம்புட்டு தூரம் வந்துச்சு."

"அதானே சித்தி!" என்று விமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா லா, சாமிதான் காப்பாத்துச்சு" என்றார் வேன் ஓட்டிவந்தவர். எல்லாரும் தலையாட்டினார்கள். அகிலன் எல்லாரையும்விட வேகமாக ஆட்டினான். சிவநேசன் வாயைத் திறந்தார். ஒரு சுற்று எல்லார் முகத்தையும் பார்த்தார். மூடிக்கொண்டார்.

நாலு சக்கரத்தையும் கழற்றினார். நாலிலும் சந்தனம். தோளில் கிடந்த சரிகைத் துண்டால் ஒவ்வொன்றையும் துடைத்தார். அகிலன் பட்டு ஜிப்பாவோடு மண்ணில் முட்டி போட்டுச் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்க, சிவநேசன் 'டக்' என்று கேட்கிறவரை முடுக்கினார். கேட்ட பிறகு இன்னொரு தடவையும் முடுக்கினார்.

"பொண்ணு என்கூட பிக்கப்புல வரட்டும்" என்றார் எழுந்து நின்று.

அகிலனின் முகம் விழுந்துவிட்டது. கரிபடிந்த ஜிப்பாவோடு நின்றான். நித்தியா அவனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்களே முடுக்கிட்டீங்கல்லப்பா? அப்புறம் எனக்கென்ன பயம். நான் மாமாகூடவே போறேன்."

சிவநேசன் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பிப் பார்த்தால் விமலா. சீர்வரிசைத் தட்டிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் நேராகச் சக்கரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

அவர் பாய்ந்து குறுக்கே நின்று தம் நெற்றியைக் காட்டினார். "இங்க வை. எவ்வளவு வேணும்னாலும் வை. டயருகிட்ட மட்டும் போகாத தாயே."

விமலா சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே வைத்தாள். தாராளமாகவே வைத்தாள்.

உலு யாம் போய்ச் சேரும்வரை சிவநேசன் அந்த இடது பின்சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்சமும் ஆடாமல் போனது. கோயில் கோபுரம் தெரிந்ததும்தான் அவருக்கு மூச்சே வந்தது.

பின் சீட்டிலிருந்து சின்னத்தாய் சித்தி முன்னால் எட்டி விமலாவின் தோளைத் தட்டினாள்.

"பாத்தியாடி, உன் வீட்டுக்காரரு நெத்தியில சந்தனம் வெச்சதும் டயரு ஆட்டமே நின்னு போச்சு."