பொருத்திருக்கவும்

1

தலைப்பில் எழுத்துப்பிழை இருக்கிறது. மெய்ப்புத் திருத்துபவர் அதில் கைவைக்க வேண்டாம். காத்திருக்கச் சொல்லும் சொல்லுக்கு வல்லின று வர வேண்டும். இங்கே இருப்பது இடையின ரு, ஒன்றோடு ஒன்றைப் பொருத்துகிற ரு. இந்தக் கதை அந்த ஓர் எழுத்திலிருந்துதான் பிறந்தது. அது நான் செய்த பிழை இல்லை. நான் செய்ததாக இருந்திருந்தால் இவ்வளவு வெட்கப்பட வேண்டியிருக்காது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் காலை வெயில் மெல்ல" — வேண்டாம். வெயிலுக்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து: "திருடன் என்ற சொல் எனக்கு" — இதுவும் வேண்டாம். தன்னைத் தானே திருடன் என்று சொல்லிக்கொள்கிறவன் மன்னிப்புக்குத் துண்டு போட்டு இடம்பிடிக்கிறான்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு கண் மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். நோயாளிகளின் வரிசை எண்ணைத் திரையில் காட்டும் மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து எடுத்தேன். எழுதியவரின் பெயரை நீக்கினேன். நானே எழுதியதாகச் சொன்னேன்.

2

(இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், வல்லின று போட்டு.)

அதற்கு முன்பு எங்களிடம் விலைக்கு வாங்கிய மென்பொருள் இருந்தது. அது படுத்துவிட்டால் விற்றவர்களுக்கு ஃபோன் போட்டுவிட்டு மூன்று நாள் உட்கார்ந்திருப்போம். உள்ளே என்ன கோளாறு என்று எட்டிப் பார்க்கக்கூட எங்களுக்கு உரிமை கிடையாது. அந்த மூன்று நாளும் நர்ஸ் தொண்டை கிழிய எண்களைக் கூவுவார்.

திறந்த மூல மென்பொருளில் இந்த மூடுமந்திரம் இல்லை. எழுதியவர் எல்லாவற்றையும் ஊர் பார்க்க விரித்து வைத்துவிடுகிறார். யாரும் படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். ஓட்டை கண்ணில் பட்டால் அடைக்கலாம். அடைத்ததைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாருக்கும் அடைபடும். 'சும்மா கிடைப்பது சுமாராகத்தான் இருக்கும்' என்பவர்களோடு நான் மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். வாதாடுவதற்கு வாய் போதும்.

நான் எடுத்ததை எழுதியவர் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண். அவருடைய அப்பாவுக்குக் காது கேட்காது. எங்கே போனாலும் எண்ணைக் கூவுவார்கள், அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். அதனால் எண் பெரிதாகத் தெரிந்து, திரை மூன்று முறை மின்னுகிற மாதிரி மகள் எழுதினார். பிறகு எங்கோ ஒரு தபால் ஊழியர் அதில் குரலைச் சேர்த்தார். ஒரு பள்ளிக்கூட எழுத்தர் நிறங்களைச் சீராக்கினார். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலே நான்கு வரிகள்:

இதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.
மாற்றலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம்.
இந்த நான்கு வரிகளை மட்டும் நீக்காதீர்கள்.

நான்காவதைப் பிறகு சொல்கிறேன்.

நீக்குவதற்குத் தும்மல் போடும் நேரம்கூட ஆகவில்லை. "நம்ம ஆளே எழுதிட்டாரு டாக்டர்!" என்று மேலாளர் எல்லா மருத்துவர்களின் முன்னாலும் என் தோளைத் தட்டினார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையிலேயே ஒன்றுமில்லை.

3

ஆறு மாதம் கழித்து எங்கள் கணினிப் பிரிவின் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அப்படியே தருகிறேன். இதிலாவது எதையும் வெட்டாமல் இருக்கிறேன்.

"வணக்கம் சார். போன வாரம் அப்பாவ உங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தேன். ஸ்கிரீன்ல 'பொருத்திருக்கவும்'னு பாத்ததும் எனக்கு ஒரே சிரிப்பு. அது நான் போட்ட தப்பு! நம்ம புரோகிராம் இங்கயும் ஓடுதான்னு அவ்வளவு சந்தோஷம். அப்பா அவரே நம்பரப் பாத்து எந்திரிச்சுப் போனாரு. அந்த எழுத்த எப்பவோ திருத்திட்டோம். இன்னொண்ணு முக்கியம் சார். ரெண்டு கவுண்டர்ல ஒரே நேரத்துல பட்டன் அழுத்துனா, நடுவுல ஒரு நம்பர் ஸ்கிரீன்ல வராமலே தாண்டிடும். அதையும் சரிபண்ணியாச்சு. புதுச எடுத்துப் போட்டுக்கோங்க."

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

[ஓரக்குறிப்பு: கடைப்பலகையில் ஒற்று மிகுந்திருந்தால்கூட நின்று முகம் சுளிக்கிறவன் நான். ஆறு மாதமாக அந்தத் திரையை நாளுக்குப் பத்துமுறை கடந்திருக்கிறேன். என்னுடையது என்று சொல்லிக்கொண்டதை நான் ஒருதரம்கூடப் படிக்கவில்லை.]

எனக்கு முகம் சுட்டது. உடனே செய்தது என்ன தெரியுமா? உட்கார்ந்து அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்தினேன். ரு போய் று வந்தது. தடயம் போயிற்று. புதியதை எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமென்றால் மேலாளரிடம் எங்கிருந்து என்று சொல்ல வேண்டும். பதிலும் போடவில்லை.

4

பத்து நாள் கழித்து ஒரு தையல்கார அம்மா. எண் நாற்பத்தேழு.

காலை ஒன்பது மணியிலிருந்து முன்வரிசை நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தார். ஒன்றரை மணிக்குக் கூடம் காலியானது. நர்ஸ் வந்து சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"அம்மா, உங்க நம்பர் எப்பவோ போயிடுச்சே! டாக்டரும் கிளம்பிட்டாரு."

"நான் எந்திரிக்கவே இல்லம்மா. தண்ணி குடிக்கக்கூடப் போகல. நாப்பத்தாறு வந்துச்சு, அப்புறம் நாப்பத்தெட்டு வந்துச்சு."

நர்ஸ், திரைக்குப் பக்கத்தில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரியும். அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நீங்க கவனிக்காம விட்டிருப்பீங்கம்மா" என்றேன்.

அவர் சண்டை போட்டிருக்கலாம். சீட்டை நான்காக மடித்துக்கொண்டே, "இருக்கும் தம்பி. எனக்குத்தான் கண்ணு சரியில்லையே" என்றார்.

(முந்தைய படியில் அந்த அம்மாவுக்கு ஒரு கண் பார்வை போய்விடுவதாக எழுதியிருந்தேன். பொய். மறுநாள் மறுபடி வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டார். பார்வையைப் பறித்தால் கதை கனமாகும், நானும் பெரிய பாவியாகத் தெரிவேன் என்று ஆசைப்பட்டேன். நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஒரு பெண்ணை அவர் கண்களையே சந்தேகப்பட வைத்தவன், அவ்வளவுதான்.)

5

முடிவுகள்.

முதல் முடிவு: மேலாளரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவர் எழுந்து — எழுந்து என்ன செய்வார் என்று தெரியவில்லை. நான் இன்னும் போகவில்லை.

இரண்டாவது முடிவு: பரிசோதனைக்கூடப் பெண்ணுக்குக் கடிதம். "அன்புள்ள சகோதரி, நீங்கள் எழுதியதை நான்" — இதோடு நிற்கிறது.

இதுவரை எழுதியதை மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அந்தப் பழசுதான் இன்னமும் ஓடுதா?"

"ம்."

"அப்ப நாளைக்கு இன்னொருத்தர் நம்பர் தாண்டும்ல?"

"அதான் எழுதிட்டிருக்கேன்ல..."

"எழுதுறீங்க, சரி. உங்க மேனேஜர் கதை படிக்கிறவரா?"

"இல்ல."

"அந்தத் தையக்காரம்மா?"

அவள் கழற்றிய கண்ணாடியை எடுத்துத் துடைத்தேன்.

"யாரு படிக்க மாட்டாங்களோ அவங்களாப் பாத்து உண்மையச் சொல்றீங்க" என்று தாள்களை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

6

இன்னும் ஒன்று பாக்கி. இந்தக் கதையில் யாருக்கும் பெயர் இல்லை. மேலாளர், நர்ஸ், தையல்கார அம்மா, பரிசோதனைக்கூடப் பெண். ஏதோ உத்தி என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். எல்லாரையும் பெயரில்லாமல் நிறுத்திவிட்டால், ஒருவருடைய பெயர் காணாமல் போனது தெரியாது. இரண்டாவது முறையாக அதே நான்கு வரிகளில் கைவைத்திருக்கிறேன்.

இது அச்சாகும்போது தலைப்புக்குக் கீழே என் பெயரைப் போடுவார்கள். நான் கேட்க வேண்டியதே இல்லை.

நாளை காலை ஒன்பது மணிக்குக் கூடம் திறக்கும். யாரோ ஒருவர் சீட்டை வாங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, தன் எண் வரும் என்று நம்பித் திரையைப் பார்ப்பார். இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. எழுதிவிட்டால் செய்துவிட்டது போல் இருக்கும், பிறகு செய்ய மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். கதையை எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றுங்கள், யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். கீழே உள்ள நான்கு வரிகளை மட்டும் நீக்காதீர்கள். நான்காவது வரி பரிசோதனைக்கூடப் பெண்ணின் பெயரோடு முழுதாக இருக்கும் பிரதி உங்கள் கைக்கு வந்தால், நான் மேலாளரின் அறைக்குப் போய்விட்டு வந்தேன் என்று அர்த்தம்.

இதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.
மாற்றலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம்.
இந்த நான்கு வரிகளை மட்டும் நீக்காதீர்கள்.
எழுதியவர்: