ஜன்னலோரப் பைன்

புயலில் இறந்துபோன பைன் மரத்தை அடையாளம் காட்டச் சொல்லி, ஆஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து சவரிநாதனுக்கு ஆள் வந்தது. அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருபத்திரண்டு வருஷம் நின்ற மரம். அதற்கு வேறு சொந்தம் இல்லை. சவரிநாதன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

ஏழு ஸ்ட்ரெச்சர்களை ஒட்டிப்போட்டு மரத்தைக் கிடத்தியிருந்தார்கள். துணி இடுப்புவரைக்கும்தான் எட்டியது. மரத்துக்கு இடம் வேண்டுமே என்று வராந்தா கொஞ்சம் நீண்டுகொடுத்திருந்தது.

"உங்க மரந்தானா?" என்றார் எழுத்தர்.

"ஆமாங்க."

"என்ன இனம்?"

"பைன்."

"பைன்ல எத்தனையோ இருக்கு. உங்க பேரைக் கேட்டா மனுசன்னா சொல்லுவீங்க?"

இனத்தைச் சரியாகச் சொன்னால் வீட்டுக்குக் கொண்டுபோய் ஜன்னலடியில் அடக்கம் செய்யலாம். நாலு மணிக்குள் சொல்லாவிட்டால் லாரியில் ஏற்றிவிடுவார்கள். அடையாளம் தெரியாத மரமெல்லாம் அங்கே யூக்கலிப்டஸ்தான்.

சவரிநாதன் ஒரு கொத்து இலையைப் பிரித்து எண்ணினார்.

"மூணு ஊசி இருக்குங்க."

"மூணு ஊசிக்காரங்க நெறையப் பேரு."

அவர் மனைவி ஜெசிந்தாவுக்கு அந்தப் பெயர் தெரியும். புத்தகம் பார்த்துக் கண்டுபிடித்து, ஒரு காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். சவரிநாதன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.

பிரேதப் பரிசோதனை முடித்த டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"வயித்துல நெறைய 'ம்' இருக்கு. வேற சாப்பாடே இல்ல. எல்லாம் ஒரே ஆம்பளக் குரல்."

"அது எப்படிம்மா உள்ள போகும்?"

"யாரோ ஜன்னல் வழியா தெனமும் கொட்டியிருக்காங்க. டீத்தூளோட சேந்து கெடக்கு."

ஜெசிந்தா எதையும் வீட்டில் தேங்கவிட மாட்டாள். சவரிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதத் தின்னுட்டு இம்புட்டு உயரம் வளந்ததே பெரிய விஷயம்," என்றார் டாக்டரம்மா.

"மணி மூணு அம்பத்தெட்டு," என்றார் எழுத்தர்.

சவரிநாதன் துணியை விலக்கினார். பட்டையில் வாயை வைத்தார்.

"ஜெசி, அன்னிக்கி நீ சொன்னத நான் சரியாக் கேக்கல. இதோட பேரு என்ன? இன்னொரு தடவ சொல்லேன்."

"ம்," என்றது மரம்.

அவர் குரல்தான். பேப்பரை விட்டுத் தலை நிமிராத குரல்.

எழுத்தர் நாலு அடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு முத்து முத்தாக யூக்கலிப்டஸ் என்று எழுதினார். வெளியே லாரி பின்பக்கமாக வந்து நின்றது.

"நீங்க இதுக்கு என்ன வேணும்? உறவுமுறை போடணும்."

சவரிநாதன் விலக்கிய துணியைத் திரும்ப இழுத்துவிட்டார்.

"பக்கத்துல இருந்தவர்னு போட்டுக்கங்க."