யாருடைய அப்பா?

கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடி, அக்காவும் நானும் இரண்டு பஸ் மாறி எங்கள் பழைய குடும்பக் கல்லறைக்குப் போனோம். அது இப்போது வேறொருவரின் தோட்டத்துக்குள் இருக்கிறது. அவரே முட்செடிகளை வெட்டி வழிவிட்டார். மண்டியிட்டு உட்கார்ந்து, அங்கிருந்த பதினோரு கல்லறைக் கற்களிலும் பாசியைச் சுரண்டினோம். ‘அப்பா’, ‘அம்மா’, ‘பெரியவர்’, ‘சின்னக்கா’ என்று மட்டுமே செதுக்கியிருந்தது. ஒன்றில்கூடப் பெயரோ வருஷமோ இல்லை.

“யாரோட அப்பான்னு போட்டிருக்கக் கூடாதா?” என்று அக்கா எரிந்து விழுந்தாள்.

“அவங்களுக்குத்தான் தெரியுமே. வேற யாரு வந்து பாக்கப் போறான்னு விட்டிருப்பாங்க,” என்றார் தோட்டத்துக்காரர்.

அந்தப் பெயருக்காக மூன்று வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தது இதற்குத்தானா என்று எனக்கு அழுகை முட்டியது. அக்கா நோட்டைத் திறந்து, ‘அப்பா. யாருடைய அப்பா என்று தெரியவில்லை’ என்று அழுத்தி எழுதினாள். தாள் கிழிந்துவிட்டது.