னகரமோ ணகரமோ

மலையுச்சி வானிலை நிலையத்தில் நாற்பது ஆண்டுகளாக நோட்டுகளில் எழுதிவைத்த குறிப்புகளைத் தட்டச்சு செய்து தரவுத்தளத்தில் ஏற்றியிருந்தார்கள். அடிவாரத்து அலுவலகத்தில் அதைப் பார்த்துக்கொள்பவள் அவள். மலைக்கு ரோப்கார் விடப்போவதால், மூடுபனி கவிந்த நாட்களின் பட்டியலை மேலாளர் கேட்டிருந்தார்.

'மூடுபனி' என்று தேடினாள். இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள் வந்தன. எட்டிப் பார்த்த மேலாளர், அந்த மலை வருஷத்தில் பாதி நாள் முகத்தையே காட்டாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது சரிதான். தட்டச்சு செய்தவர்களில் ஒருவர் 'மூடு பனி' என்று பிரித்திருந்தார். சில நோட்டுகளில் 'அடர்பனி' என்றிருந்தது. இன்னொருவருக்கோ றன்னகரமும் டண்ணகரமும் ஒன்றுதான், பனியையெல்லாம் பணியாக்கியிருந்தார். ஆகவே சொல்லை விட்டுவிட்டு, சொல்லின் சாயலைத் தேடும்படி வினவலை மாற்றினாள். முதலில் 'மூடு' அல்லது 'அடர்'. நடுவே இடைவெளி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பிறகு ப. அடுத்து, சதுர அடைப்புக்குள் ன, ண இரண்டும். எது வந்தாலும் சரி. கடைசியில் இகரக் குறி.

மூவாயிரத்துச் சொச்சம் வரிகள் வந்தன. மதிய வெளிச்சம் திரையில் மங்கலாக விழுந்திருந்தது. வரிகளை மெல்ல நகர்த்தினாள். பாதை தெரியவில்லை, மரங்கள் தெரியவில்லை, மணிச்சத்தம் மட்டும் கேட்டது என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள். நாற்காலியில் இருந்தபடியே அவள் வெண்மைக்குள் எங்கோ போய்க்கொண்டிருந்தாள். ஒரு தேதியில் கை நின்றது. அவள் பிறந்த நாள். எழுதியவர், அங்கே வேலை பார்த்த அப்பா.

'காலை ஆறு மணி. அடர்பணி. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பிரசவ வலி என்று தகவல். இறங்க இருமுறை முயன்றேன். திரும்பினேன்.'

மகள் பிறந்தபோது மேகத்தை எண்ணிக்கொண்டிருந்த மனுஷன் என்றுதான் அம்மா இன்றுவரை அப்பாவைச் சொல்வாள். அப்பா ஒருநாளும் மறுத்ததில்லை.

அந்த வரியைத் தாளில் எழுதிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் படித்துக் காட்டினாள். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு, ஜன்னலோரம் கண்மூடிச் சாய்ந்திருந்த அப்பாவிடம் போய் நின்றாள்.

"ரெண்டு தடவை இறங்கினீங்களா?"

அப்பா கண் திறந்தார். மகள் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"வந்தப்ப நீ கோவமா இருந்த. கோவம் தணியட்டும்னு இருந்தேன். அப்புறம் அப்படியே விட்டுப்போச்சு."

அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதுவரை வந்தீர்கள் என்று கேட்டாள். முதல் தடவை தண்ணீர்த்தொட்டி வரை, என்றார் அப்பா. இரண்டாவது தடவை பாறையைத் தடவிக்கொண்டே மூன்றாவது வளைவு வரை வந்துவிட்டாராம். அதற்குமேல் தன் கால்களே தனக்குத் தெரியவில்லை என்றார். அம்மா குனிந்து அவர் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.